கடைசிப் பாட்டில் மட்டும் கரகரப்பு: வெள்ளவத்தை வீடொன்றில் காட்ரிஜ் நேர்ப்படுத்தல் பற்றிய நிகழ்வு ஆய்வு

இசைத்தட்டு ஒன்றின் முதற் பாட்டுத் தெளிவாகவும் கடைசிப் பாட்டுக் கரகரப்பாகவும் ஒலித்தால், "தட்டுத் தேய்ந்துவிட்டது" என்ற தீர்ப்புத்தான் கொழும்பில் பெரும்பாலும் முதலில் வருகிறது. சில வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஊசி எங்கே நிற்கிறது என்பதை அளந்து பார்க்காமல் அப்படிச் சொல்வது தட்டுக்குச் செய்யும் அநியாயம். நல்ல தட்டுகள் பழைய பேப்பர்க்காரரிடம் போய்ச் சேர்வதற்கு இந்த அவசரமே பல வீடுகளில் காரணமாகிறது. அப்படிப் போகவிருந்த ஒரு கட்டு இசைத்தட்டுகள் எதனால் தப்பின என்பதை அளவுகளோடு இங்கே பதிவு செய்கிறேன்.

முறைப்பாடு

காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவரின் வீட்டில் இருப்பது டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 எம்.கே.2 என்ற இசைத்தட்டு இயந்திரம். இந்த மாதிரி 1979 இல் வெளிவந்தது. இவருடையது ஜப்பானிலிருந்து பாவித்த பொருட்களோடு இங்கு வந்து இறங்கிய 100 வோல்ட் இயந்திரம் என்பதால், நமது 230 வோல்ட்டை இறக்கித் தரும் டிரான்ஸ்போமர் ஒன்றின் ஊடாக ஓடுகிறது. மோட்டரின் வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் கட்டுப்படுத்துவதால் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் அதைப் பாதிப்பதில்லை. இசைத்தட்டை வைக்கும் சுழல்மேடையின் விளிம்பிலுள்ள புள்ளிகளும் விளக்கொளியில் அசையாமல் நின்றன. ஆகவே வேகத்தைப் பற்றிய சந்தேகம் தொடக்கத்திலேயே நீங்கியது.

அவரிடம் உள்ளவற்றுள் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும் ஏழு அங்குல ஈ.பி. தட்டுகள், பக்கத்துக்கு இரண்டாகத் தமிழ்த் திரைப்பாடல்கள் அடங்கியவை. அவற்றோடு சில பக்தி எல்.பி.களும் (33⅓ வேகத்தில் ஓடும் பெரிய தட்டுகள்) நாதஸ்வரத் தட்டுகளும் உண்டு. பல காலமாகக் கூம்பு முனை ஊசியோடு ஓடிய பழைய காட்ரிஜைக் (ஊசியின் அசைவை மின் சமிக்ஞையாக்கும் சிறு பகுதி) கழற்றி, ஓடியோ-டெக்னிக்காவின் வி.எம்.95.இ என்ற நீள்வட்ட முனைக் காட்ரிஜை ஒரு கடையில் பூட்டுவித்திருந்தார். அதன் பிறகு முதற் பாட்டுகள் முன்னரைவிடத் தெளிவாகின. கடைசிப் பாட்டுகளோ முன்னரைவிட மோசமாகின. "தட்டுத் தேய்ஞ்சு போச்சு எண்டு கடையில சொல்லிட்டினம் தம்பி. ஆனா ஊசி மாத்த முதல் இவ்வளவுக்கு இல்லையே" என்றார். இந்த இரண்டாவது வாக்கியந்தான் நோயை அடையாளம் காண உதவியது. தேய்ந்த தட்டு, ஊசி மாறிய நாளன்று புதிதாகத் தேய்வதில்லை. மேலும், இந்தப் பாடல்களை இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் கேட்டு வளர்ந்தவர் அவர்; எந்தச் சொல் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை நன்றாக அறிந்தவர். இத்தகையவரின் காதை அளவுகோலாக எடுத்துக்கொள்ளத் தயங்கத் தேவையில்லை.

முதலில் கண்டவை

காட்ரிஜ் பூட்டப்படும் கழற்றக்கூடிய தலைப்பகுதியான ஹெட்ஷெல்லைக் கழற்றி, செட்டியார் தெருவில் நகை வேலை செய்வோர் பயன்படுத்தும் பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஊசியைப் பார்த்தபோது, முனையில் உடைவோ, அதைத் தாங்கும் மெல்லிய தண்டான கான்டிலீவரில் வளைவோ தென்படவில்லை. முனையைச் சுற்றிச் சிறிது பஞ்சு படிந்திருந்தது. தூரிகையால் பின்னிருந்து முன்னாகத் துடைத்ததும் அகன்றது. காட்ரிஜின் நான்கு முனைகளிலும் கம்பிகள் உரிய இடத்தில் இருந்தன: இடப்பக்கத்துக்கு வெள்ளையும் நீலமும், வலப்பக்கத்துக்குச் சிவப்பும் பச்சையும். கடற்காற்று வீட்டுக்குள் வரும் இடங்களில் எப்போதும் காண்பதைப் போல ஹெட்ஷெல்லின் தொடுமுனைகள் மங்கியிருந்தன. அவற்றையும் சுத்தம் செய்தோம்.

அடுத்து ஊசியின் பாரம். ஹெட்ஷெல்லைத் தாங்கும் இயந்திரக் கையின் பின்பக்கப் பாரத்திலுள்ள இலக்க வளையம் 2 கிராம் என்று காட்டியது. இந்தக் காட்ரிஜுக்கு உற்பத்தியாளர் விதித்த அளவும் அதுவே, 1.8 இலிருந்து 2.2 வரை அனுமதி உண்டு. ஆனால் நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய தராசில் ஊசியை இறக்கியபோது 1.45 கிராம்தான் வந்தது. காட்ரிஜுக்குள் காந்தம் இருப்பதால் இரும்புத் தட்டுள்ள தராசு பொய் சொல்லும் என்பதையும், தராசின் மேற்பரப்பு இசைத்தட்டின் மட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பதையும் கவனித்தே இதை அளந்தோம். இலக்க வளையம் தானாக எதையும் அளப்பதில்லை. கை சமநிலையில் மிதக்கும் இடத்தில் அதைப் பூச்சியத்துக்குத் திருப்பிய பிறகுதான் அதன் எண்களுக்கு அர்த்தம் வரும். ஊசியின் காப்பு மூடியைக் கழற்றாமல் சமநிலை பார்த்துவிட்டுப் பின்னர் மூடியை எடுத்திருந்தால், மூடியின் பாரம் அப்படியே குறைந்துவிடும். இங்கு நடந்தது அதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். கை உள்நோக்கி இழுபடுவதைத் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட் திருகியும் பூச்சியத்தில் நின்றது.

பாரத்தை 2.0 கிராமுக்கு உயர்த்தி, ஆன்டி-ஸ்கேட்டையும் 2 இல் வைத்து, வேறு எதையும் தொடாமல் அதே ஈ.பி.யை மீண்டும் போட்டோம். இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்பது நேரத்தை எடுக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரிசெய்தால் எந்தக் குறை எதனால் வந்தது என்று பிறகு ஒருபோதும் சொல்ல முடியாது. வலப்பக்க ஒலிபெருக்கியில் உரத்த இடங்களில் வந்த வெடிப்புச் சத்தம் நின்றது. இது எதிர்பார்த்ததே. கை உள்நோக்கி இழுபடும்போது ஊசி பள்ளத்தின் உட்சுவரில் சாய்ந்து, வலப்பக்க ஒலி பதிந்துள்ள வெளிச்சுவரில் பிடி தளரும். ஆனால் கடைசிப் பாட்டில் "ச", "ஸ", "ஷ" வரும் இடமெல்லாம் கேட்ட சீறல் அப்படியே இருந்தது. இரு பக்கத்திலும் ஒரே அளவாக இருந்தது. தட்டின் நடுவை நெருங்க நெருங்கக் கூடியது.

நான்கு மில்லிமீற்றர்

இந்த நடத்தையின் காரணம் கேத்திரகணிதத்தில் இருக்கிறது. இசைத்தட்டை வெட்டும் இயந்திரத்தின் தலை, ஆரையின் வழியே நேர்கோட்டில் நகர்ந்து பள்ளத்தை வெட்டுகிறது. நமது வீட்டுக் கையோ ஓர் அச்சில் சுழல்வதால், ஊசி ஒரு வில்லின் மீதே செல்ல முடியும். ஆகவே காட்ரிஜ் பள்ளத்தின் தொடுகோட்டோடு எல்லா இடத்திலும் ஒன்றி நிற்க முடியாது. கையின் முனையை உட்பக்கமாக வளைத்து, ஊசியைத் தட்டின் மைய அச்சுக்குச் சற்று அப்பால் எட்டும்படி நீட்டி வைத்தால், இரண்டே இரண்டு ஆரைகளில் பிழை பூச்சியமாகும். மற்ற இடங்களில் சிறிதாக இருக்கும். அந்த நீட்சிதான் ஓவர்ஹேங். லோஃப்கிரென் 1938 இலும் பேர்வால்ட் 1941 இலும் ஸ்டீவன்சன் 1966 இலும் எழுதிய ஆய்வுகள், அந்த இரண்டு பூச்சியப் புள்ளிகளை எங்கே வைப்பது நல்லது என்ற ஒரே கேள்விக்கு வேறுவேறு நோக்கில் சொன்ன விடைகள்.

டெக்னிக்ஸின் இந்தக் கையில் அச்சிலிருந்து தட்டின் மையம் வரை 215 மில்லிமீற்றர். ஊசி வரை 230 மில்லிமீற்றர். ஓவர்ஹேங் 15 மில்லிமீற்றர். வளைவுக் கோணம் 22 பாகை. இந்த நான்கையும் சமன்பாட்டில் இட்டால் பூச்சியப் புள்ளிகள் 58.8, 113.5 மில்லிமீற்றர் ஆரைகளில் விழுகின்றன. நடைமுறையில், ஹெட்ஷெல் கையோடு பூட்டப்படும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்திலிருந்து ஊசி முனை வரை 52 மில்லிமீற்றர் இருந்தால் இவை எல்லாம் தாமாக அமைந்துவிடும். இதை அளப்பதற்கென்றே இயந்திரத்தோடு ஒரு சிறிய பிளாஸ்டிக் அளவி வரும். பாவித்துக் கைமாறி வரும் இயந்திரங்களில் முதலில் தொலைவதும் அதுதான். இங்கும் அது இருக்கவில்லை.

இரும்பு அடிமட்டத்தால் அளந்தபோது 52 க்குப் பதிலாக 48 மில்லிமீற்றர் வந்தது. திருகாணிகள் ஹெட்ஷெல்லின் நீள் துளைகளுக்கு நடுவில், பார்ப்பதற்கு ஒழுங்காக, பூட்டப்பட்டிருந்தன. பழைய காட்ரிஜுக்கு அந்த இடம் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு காட்ரிஜிலும் திருகாணித் துளையிலிருந்து ஊசி முனைக்கு உள்ள தூரம் வேறு.

நான்கு மில்லிமீற்றர் என்பது கேட்பதற்குச் சிறிய அளவு. அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஊசி அவ்வளவு பின்னால் நிற்கும்போது பூச்சியப் புள்ளிகளில் ஒன்று 37 மில்லிமீற்றர் ஆரைக்கு, அதாவது லேபலின் மேலேயே, போய்விடுகிறது. மற்றையது 135.5 க்குத் தள்ளப்படுகிறது. எல்.பி. தட்டின் உள் எல்லையான 60 மில்லிமீற்றரில் கோணப் பிழை ஏறக்குறைய 4 பாகையாகிறது. 52 மில்லிமீற்றரில் வைத்தால் அதே இடத்தில் பிழை 0.1 பாகையே. வெளி விளிம்பில் நிலைமை தலைகீழ்: 48 இல் பிழை 1 பாகை, 52 இல் 2.6 பாகை. முதற் பாட்டுகள் ஏன் நன்றாக ஒலித்தன என்பதற்கும் இதுவே விடை.

அப்படியானால் ஓரிடத்தில் பெற்றதை மற்றோரிடத்தில் இழக்கிறோமா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. கோணப் பிழையால் எழும் ஒலித் திரிபு, பிழையை ஆரையால் வகுத்த அளவுக்கு ஏற்பவே அமையும். காரணம், தட்டுச் சுழலும் வேகம் மாறாவிட்டாலும் ஊசியின் கீழ் பள்ளம் ஓடும் வேகம் உள்ளே போகப் போகக் குறைகிறது. 33⅓ வேகத்தில் 146 மில்லிமீற்றர் ஆரையில் செக்கனுக்கு 51 சென்றிமீற்றர் ஓடும் பள்ளம், 60 மில்லிமீற்றரில் 21 சென்றிமீற்றரே ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரோமீற்றர் நீளத்தில் பரந்திருக்க, உள்ளே 21 மைக்ரோமீற்றருக்குள் நெருக்கப்படுகிறது. அந்த நெருக்கத்தில் 4 பாகைப் பிழை செய்யும் கெடுதியோடு ஒப்பிட்டால், வெளி விளிம்பில் 2.6 பாகை செய்வது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நீள்வட்ட முனையின் பக்கங்கள் ஒடுங்கியவை. அதனால் அது நுண்ணிய அலைகளுக்குள் இறங்கிப் படிக்கிறது. ஆனால் அந்த முனை பள்ளத்துக்குக் குறுக்கே திரும்பி நின்றால், இரு சுவர்களையும் ஒரே கணத்தில் தொடாமல் முன்பின்னாகத் தொடும். உருண்டையான கூம்பு முனைக்கு இந்த இரண்டாவது குறை இல்லை. புதிய ஊசி வந்த பிறகே கடைசிப் பாட்டுகள் கெட்டன என்ற அவரது அவதானம் இங்கே பொருந்துகிறது.

எந்தக் கணக்கைத் தெரிவு செய்வது

இந்தக் கைக்கு உற்பத்தியாளர் தந்த 52 மில்லிமீற்றரை விட்டுவிட்டு, 66.0, 120.9 மில்லிமீற்றர்களில் பூச்சியப் புள்ளிகள் விழும் பேர்வால்ட் முறைக்கு மாற்ற வேண்டும் என்று சொல்வோர் பலர். எல்.பி. மட்டும் கேட்பவருக்கு அது நல்ல ஆலோசனையே: ஓவர்ஹேங்கை 17.8 மில்லிமீற்றராக்கி, காட்ரிஜை ஹெட்ஷெல்லுக்குள் ஏறக்குறைய 2 பாகை உட்பக்கமாகத் திருப்பிப் பூட்டினால், பக்கம் முழுவதும் திரிபு சமமாகப் பங்கிடப்படும். ஆனால் இந்த வீட்டிலுள்ளவை பெரும்பாலும் ஈ.பி. தட்டுகள். அவற்றின் கடைசிப் பள்ளங்கள் 54 மில்லிமீற்றர் ஆரைக்கு அண்மை வரை போகின்றன. அந்த இடத்தில் பேர்வால்ட் முறையில் பிழை 2 பாகை. டெக்னிக்ஸ் முறையில் 0.7 பாகை. ஈ.பி.யின் மற்றப் பகுதிகளில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் என்ன தட்டுகள் இருக்கின்றன என்பதைப் பார்க்காமல் "சிறந்த முறை" என்று ஒன்றைப் பரிந்துரைப்பது எனக்கு ஒருபோதும் உடன்பாடானதல்ல. இங்கே 52 மில்லிமீற்றரையே தெரிவு செய்தோம்.

பூட்டிய விதம்

58.8, 113.5 ஆகிய இரு புள்ளிகளும், அவற்றின் ஊடாகச் சமாந்தரக் கோடுகளும் வரைந்த பாகைமானித் தாள் ஒன்றை அருகிலிருந்த கொமினிகேஷனில் (நகலும் அச்சும் எடுக்கும் கடை) அச்சிட்டு எடுத்தோம். அச்சு இயந்திரம் பக்கத்துக்குப் பொருந்தும்படி படத்தைச் சுருக்கிவிடுவது வழக்கம் என்பதால், தாளின் ஓரத்தில் 100 மில்லிமீற்றர்க் கோடு ஒன்றும் வரைந்திருந்தோம். முதலில் வந்த தாளில் அது 97 மில்லிமீற்றராக இருந்தது. அப்படியே பயன்படுத்தியிருந்தால் வெளிப் புள்ளி 110 க்கு வந்திருக்கும். நேர்ப்படுத்தும் கருவியே பிழையைப் புகுத்தியிருக்கும். அளவு மாறாமல் அச்சிடச் சொல்லி வாங்கிய மறு தாளில் கோடு சரியாக 100 இருந்தது. மைய அச்சுக்கான துளை தளர்வாக இல்லாதபடி வெட்டி, தாளைத் தடித்த அட்டையில் ஒட்டினோம்.

காட்ரிஜை அசைப்பதற்கு முன், அது நிற்கும் நிலையிலேயே தாளில் இறக்கிப் பார்த்தோம். உட்புள்ளியில் கான்டிலீவர் கோடுகளிலிருந்து நன்றாகவே விலகி நின்றது. வெளிப்புள்ளியில் அதே திசையில் ஏறக்குறைய அரைவாசி விலகல். கணக்கின்படி இவை 4 பாகையும் 2 பாகையுமாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்ததும் அதோடு ஒத்துப் போனது. இரண்டு புள்ளிகளிலும் ஒரே அளவு விலகியிருந்தால் காட்ரிஜைத் திருப்பினாலே போதும். உட்புள்ளியில் விலகல் கூடுதலாக இருந்தால் நீளமே பிழை என்று கொள்ள வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் உட்புள்ளியை மட்டும் பார்த்துக் காட்ரிஜைத் திருகிவிட்டு, வெளிப்புள்ளி ஏன் ஒத்துவரவில்லை என்று அலைவதைக் கண்டிருக்கிறேன்.

திருகாணிகளைக் கழற்றாமல் தளர்த்தி, காட்ரிஜை முன்னே நகர்த்தி, 52 இல் நிறுத்தினோம். அதன் பிறகுதான் பொறுமை வேண்டிய வேலை வருகிறது. காட்ரிஜின் உடலை ஹெட்ஷெல்லின் ஓரத்தோடு நேராக்கினால் போதும் என்பது பரவலான பழக்கம். ஆனால் பள்ளத்தைப் படிப்பது உடலல்ல, கான்டிலீவர். இந்த ஊசியில் கான்டிலீவர் உடலின் நடுக்கோட்டிலிருந்து மயிரிழை அளவு விலகியிருந்தது. கிளிக் பென்சிலில் இடும் 0.5 மில்லிமீற்றர்க் குச்சி ஒன்றைக் காட்ரிஜின் முன்பக்கத்தில் குறுக்காக ஒட்டித் தாளின் குறுக்குக் கோடுகளோடு ஒப்பிட்டு முதலில் உடலை அண்ணளவாக நேராக்கினோம். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியால், முன்னிருந்து நேராகப் பார்த்து, கான்டிலீவரையே கோட்டோடு பொருத்தினோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோடும் கான்டிலீவரும் ஒன்றின்மீது ஒன்று விழும் வரை தலையை அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சிறிது சரிந்து பார்த்தாலும் ஒரு பாகை தவறிவிடும். திருகாணியை இறுக்கும்போது காட்ரிஜ் அந்தப் பக்கமாகத் திரும்பும் என்பதால், இரண்டையும் மாறி மாறிக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் இரு புள்ளிகளையும் பார்த்தோம்.

முன்னே நகர்ந்த காட்ரிஜ் கையின் சமநிலையை மாற்றிவிட்டது. எனவே மூடியைக் கழற்றிய நிலையில் மறுபடி சமநிலை பார்த்து, தராசில் 2.0 கிராமை உறுதிசெய்தோம். கையின் உயரம், இசைத்தட்டுக்குக் கை சமாந்தரமாக நிற்கும்படி வைக்கப்பட்டது. முன்னிருந்து பார்க்கையில் காட்ரிஜ் ஒரு பக்கம் சாயாமல் இருக்கிறதா என்பதைச் சிறு முகக்கண்ணாடித் துண்டில் அதன் பிம்பத்தை வைத்துச் சரிபார்த்தோம்.

பின்னர் கேட்டவை

அதே ஈ.பி.யின் கடைசிப் பாட்டில் சீறல் போய், "ச"வும் "ஷ"வும் வேறுவேறாகக் கேட்டன. முன்பு ஒரே இரைச்சலாகத் திரண்டிருந்த பின்னணி வயலின்களில் வில் திரும்பும் இடங்கள் தெரிந்தன. நாதஸ்வரத் தட்டில் மாற்றம் இன்னும் தெளிவு. சீவாளியின் ஒலியில் மேற்சுரங்கள் மிகுதி என்பதால், பள்ளத்தில் அது விட்டுச் செல்லும் அலை நுண்ணியதாகவும் ஆழமாகவும் இருக்கும். கோணப் பிழையை இதைவிடக் கடுமையாகச் சோதிக்கும் வாத்தியம் நம்மிடம் இல்லை. முன்பு எரிச்சலூட்டிய உச்சத்தாயி இப்போது உரத்து, ஆனால் கலங்காமல் ஒலித்தது. முதற் பாட்டுகளில் கேட்கக்கூடிய நட்டம் எதுவும் இருக்கவில்லை.

முதற் பாட்டின் விரிவு கடைசிப் பாட்டுக்கு வந்துவிடவில்லை, வரவும் மாட்டாது. 21 மைக்ரோமீற்றருக்குள் நெருக்கப்பட்ட அலையை, பக்க ஆரை 7.6 மைக்ரோமீற்றர் கொண்ட இந்த முனை முழுமையாகப் பின்தொடர முடியாது. அது கோணத்தால் வருவதல்ல, முனையின் பருமனால் வருவது; எவ்வளவு நேர்ப்படுத்தினாலும் நீங்காது.

ஒதுக்கி வைத்த கட்டில் பெரும்பாலானவை அலுமாரிக்குத் திரும்பின. சில தட்டுகள் மட்டும் தேறவில்லை. அவற்றில் சீறல் நடுவை நெருங்கக் கூடுவதாக இல்லாமல், பக்கத்தின் தொடக்கத்திலிருந்தே உரத்த சொற்களில் எல்லாம் ஒரே மாதிரிக் கேட்டது. எந்த ஊசியை வைத்தாலும் அதே சொல்லில் வந்தது. பழைய கனத்த ஊசிகள் சுவரைச் செதுக்கிய அடையாளம் அது. இவற்றுக்காகக் கழற்றி வைத்திருந்த கூம்பு முனைக் காட்ரிஜை இரண்டாவது ஹெட்ஷெல் ஒன்றில் பூட்டிக் கொடுத்தோம். உருண்டையான முனை சுவரில் வேறொரு உயரத்தில் தொடுவதால், தேய்ந்த தட்டுகள் சில அதில் சற்றுச் சாந்தமாக ஒலிக்கும். அதையும் 52 மில்லிமீற்றரிலேயே வைத்தோம். ஆனால் அதன் எடையும் அதற்குரிய ஊசிப் பாரமும் வேறு என்பதால், ஹெட்ஷெல்லை மாற்றும் ஒவ்வொரு முறையும் கையைச் சமநிலைப்படுத்தி, பாரத்தையும் ஆன்டி-ஸ்கேட்டையும் மீள அமைக்க வேண்டும். இரண்டுக்கும் உரிய எண்களை எழுதி டிரான்ஸ்போமரின் மேல் ஒட்டியிருக்கிறார்.